சோல் மேடையில் சந்தித்த இருவர்: லுகேனிஸும் சியோங் நியும்

1988 சோல் ஒலிம்பிக்கில் ஆண்கள் 10 மீட்டர் மேடை டைவிங் இறுதிச்சுற்று முடிந்தபோது கிரெக் லுகேனிஸ் 638.61 புள்ளிகள் எடுத்திருந்தார். சியோங் நி 637.47. வித்தியாசம் 1.14. முன்னவருக்கு வயது 28, பின்னவருக்கு 14, அதாவது சரிபாதி. லுகேனிஸ் விடைபெற்ற ஒலிம்பிக்கில்தான் சியோங் அறிமுகமானார். ஆகவே இருவரையும் எதிரெதிராக நிறுத்துவது எளிது. அமெரிக்கர், சீனர், முதிர்ந்தவர், சிறுவர், வென்றவர், தோற்றவர். அந்த ஒரு நாளோடு நிற்காமல் இளமை முதல் ஓய்வு வரை இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதிர்நிலைகள் பலவும் உறவாக மாறுவதைக் காணலாம்.

தொடக்கத்தில் வேற்றுமையே மிகுதி. கலிஃபோர்னியாவில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த லுகேனிஸ், நடனமும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்று அவற்றின் வழியே குளத்துக்கு வந்தவர். 1948, 1952 ஒலிம்பிக்குகளில் மேடைத் தங்கம் வென்ற சாமி லீ அவருக்குப் பயிற்சி தந்தார். சாங்ஷாவில் பிறந்த சியோங்கோ சிறுவயதிலேயே அரசின் பயிற்சி அமைப்புக்குள் சென்றவர். அங்கே உடற்பயிற்சியும் பள்ளியும் போட்டியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் நடந்தன. முன்னவரின் பாய்தலில் நடனக்காரரின் நீட்சி தெரியும்; பின்னவரின் பாய்தலில் ஒரே அசைவை ஆயிரமாயிரம் முறை செய்து பெற்ற சுத்தம் தெரியும்.

ஆனால் சியோங் சோலில் நின்ற இடத்தில் லுகேனிஸும் ஒருமுறை நின்றிருக்கிறார். 1976 மாண்ட்ரியலில் 16 வயது லுகேனிஸ் இதே மேடைப் போட்டியில் வெள்ளி வென்றார். அவரை முந்தியவர் இத்தாலியின் கிளாஸ் டிபியாசி. மூன்றாம் முறையாகத் தொடர்ந்து தங்கம் வென்று விடைபெறும் தறுவாயில் இருந்தவர். அந்த டிபியாசியும் 1964 டோக்கியோவில் 17 வயதில் வெள்ளியோடுதான் தொடங்கியவர். விடைபெறும் பெரியவரிடம் தோற்ற பையன் பின்னாளில் பெரியவராகி, இன்னொரு பையனைத் தோற்கடித்து விடைபெறுகிறார். இதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் உடல் நீரை மோதும் 10 மீட்டர் மேடையில் சிறிய, இலகுவான உடல் எளிதாகச் சுழலும். முதிர்ந்த உடலோ அனுபவத்தால் அதை ஈடுகட்ட வேண்டும். இளமையும் முதுமையும் ஏறக்குறைய சமபலத்தோடு மோதிக்கொள்ளும் களம் அது. ஒரு வித்தியாசத்தையும் குறிப்பிட வேண்டும். லுகேனிஸ் டிபியாசியிடம் தோற்றது 23 புள்ளிகளுக்கு மேல். சியோங் தோற்றதோ வெறும் 1.14 புள்ளியில்.

கடைசிச் சுற்றுக்கு முன் சியோங்தான் முன்னிலையில் இருந்தார். லுகேனிஸ் தேர்ந்தது ரிவர்ஸ் மூன்றரைக் குட்டிக்கரணம். கடினக் குணகம் 3.4. வீரர் நீரை நோக்கி நின்று முன்னால் எகிறுவார், ஆனால் உடல் மேடையை நோக்கிப் பின்புறமாகச் சுழலும். எகிறும் தூரம் குறைந்தால் தலை கான்கிரீட் விளிம்பில் மோதும். 1983இல் எட்மண்டனில் சோவியத் வீரர் செர்கெய் ஷாலிபாஷ்விலி இதே பாய்தலில் தலை மோதி, பின்னர் இறந்தார். அந்தப் போட்டியில் லுகேனிஸும் பங்கேற்றிருந்தார். சோலிலேயே, சில நாள்களுக்கு முன், 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு தகுதிச்சுற்றில் ரிவர்ஸ் பாய்தலொன்றில் அவர் தலை பலகையில் மோதித் தையல் போட வேண்டியிருந்தது. தையலோடு திரும்பி வந்து அந்தப் பிரிவில் தங்கம் வென்றிருந்தார். மேடைப் போட்டியில் சியோங்கே வென்றிருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அவர் நீரில் நுழைந்த சுத்தத்தைப் பார்த்தால் அந்த வாதத்தை ஒதுக்க மனம் வராது. ஆயினும் நடுவர்கள் தரும் மதிப்பெண்ணைக் கடினக் குணகத்தால் பெருக்கும் விதி, துணிந்து கடினத்தை ஏற்பவருக்குச் சாதகமானது. அந்த விதிப்படி வெற்றி நியாயமானதே என்பது என் முடிவு.

இருவரின் நடுக்காலத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 1978இல் மேடையில் உலகச் சாம்பியனான லுகேனிஸுக்கு 1980 மாஸ்கோ ஒலிம்பிக் அமெரிக்கப் புறக்கணிப்பால் கைநழுவியது. சியோங் 1992 பார்சிலோனாவில் மேடை வெண்கலத்தோடு திரும்பினார். அங்கே தங்கம் அவரைவிட இளையவரான சுன் ஷுவெய்க்குப் போனது. 18 வயதிலேயே சியோங் ‘பெரியவர்’ ஆகிவிட்டிருந்தார்! இங்கே பாதைகள் பிரிகின்றன. லுகேனிஸ் கடைசிவரை மேடையையும் ஸ்பிரிங்போர்டையும் விடவில்லை; 1984இலும் 1988இலும் இரண்டிலும் தங்கம் வென்றார். சியோங் மேடையை விட்டு இறங்கினார். துள்ளும் பலகை உடலின் இலகுவைவிடக் கால்வலுவையும் தாளக் கணிப்பையும் கேட்பது. வயது அங்கே அவ்வளவு எதிரியல்ல. 1996 அட்லாண்டாவில் அவர் வென்ற ஸ்பிரிங்போர்டு தங்கம், அந்தப் பிரிவில் சீன ஆண்களுக்கு முதலாவது. முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளிலும் சீனாவின் டான் லியாங்டே வெள்ளியே பெற்றிருந்தார், அவற்றில் இரண்டு முறை லுகேனிஸுக்குப் பின்னால். அட்லாண்டாவுக்குப் பின் ஓய்வு பெற்ற சியோங் மீண்டும் திரும்பி, 2000 சிட்னியில் மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ பிளாட்டாஸை 708.72க்கு 708.42 என்று வென்றார். 14 வயதில் 1.14இல் இழந்தவர் 26 வயதில் 0.30இல் பெற்றார். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஓய்வுதான் இருவரையும் மிகத் தொலைவில் நிறுத்துகிறது. சியோங் ஹூனான் மாகாண விளையாட்டு நிர்வாகத்தில் பொறுப்பேற்றார். தாம் வளர்ந்த அமைப்புக்குள்ளேயே அடுத்த வேலையும் கிடைத்தது. லுகேனிஸோ சோலுக்குச் சில மாதங்கள் முன்பே தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்திருந்தார். பயிற்சியாளர் ரான் ஓ'பிரையன் உள்ளிட்ட மிகச் சிலருக்கே அது தெரியும். 1994இல் தாம் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதையும் 1995இல் தொற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். இடையில் நாடக மேடையில் நடித்தார், நாய்களுக்குப் பயிற்சி அளித்தார். சாம்பியன்களின் படத்தை அட்டையில் அச்சிடும் அமெரிக்கத் தானிய உணவான வீட்டீஸ், 2016இல்தான் அவர் படத்தைப் போட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டித்தான் அமெரிக்க டைவிங் அணியின் இளையோருக்கு அவர் வழிகாட்டியானார். ஓய்வுக்குப் பின்னும் சீன அமைப்பு தன் வீரரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது; தன் வரலாற்றிலேயே தலைசிறந்த ஆண் டைவரை அழைத்து இளையோர் நடுவில் உட்கார வைக்க அமெரிக்க டைவிங்குக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.