ஆறுக்கு ஆறு

ஆலங்குளம் என்றதும் பலரும் தென்காசிப் பக்கத்து ஊரையே நினைத்துக்கொள்கிறார்கள். நான் குறிப்பிடுவது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, விருதுநகர் மாவட்டத்தில், சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஆலங்குளம். 2012ஆம் ஆண்டு மே 30 அன்று நான் அங்கே இருந்தேன். சென்னைக்கு வெளியே தமிழகம் முழுவதும் மின்வெட்டில் தவித்த ஆண்டு அது. மாஸ்கோவில் விஸ்வநாதன் ஆனந்தும் போரிஸ் கெல்ஃபாண்டும் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான முடிவாட்டங்களை ஆடிக்கொண்டிருக்க, நான் அவற்றைக் கணினித் திரையில் தொடர்ந்துகொண்டிருந்தேன். இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது அந்த ஆட்டத்தை ஆனந்த் வென்றிருந்தார். ஏறத்தாழ மூன்று வாரங்கள், பன்னிரண்டு நீண்ட ஆட்டங்கள் ஆடியும் தீராத ஒரு வழக்கு, ஒரு மின்வெட்டு நேரத்துக்குள் தீர்ந்துபோயிருந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு குறுகுறுப்பும் கூடவே வந்தது. நிதானமாக ஆடிச் சமனில் முடிந்த ஒன்றை வேகமாக ஆடித் தீர்ப்பது நியாயமா? இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியை எடுத்துவைத்துப் பார்க்கும்போது, நான் அன்று அதைத் தவறான இடத்திலிருந்து கேட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டியை நடத்தச் சென்னையும் முன்வந்தது. வாய்ப்பு மாஸ்கோவுக்குப் போயிற்று. புகழ்பெற்ற ட்ரெட்யகோவ் ஓவியக்கூடத்தில் மே 10 அன்று தொடங்கிய போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 25.5 லட்சம் டாலர். முதல் ஆறு ஆட்டங்களும் டிரா. ஏழாவதில் கெல்ஃபாண்ட் வென்றார். மறுநாளே எட்டாவது ஆட்டம். மூலையில் இருந்த வெள்ளை யானையை வெட்டப்போன கெல்ஃபாண்டின் ராணி அங்கேயே சிறைப்பட்டது. ஆனந்த் பதினேழாவது நகர்வைச் செய்ததும் கெல்ஃபாண்ட் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டப்போட்டிகளின் வரலாற்றில் வெற்றி தோல்வியோடு முடிந்த மிகக் குறுகிய ஆட்டம் அது. அதன்பின் நான்கு ஆட்டங்களும் டிரா. ஆறுக்கு ஆறு.

ஒருநாள் இடைவெளிக்குப் பின் முடிவாட்டங்கள். நீண்ட ஆட்டத்தில் முதல் நாற்பது நகர்வுகளுக்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் உண்டு. இங்கேயோ ஆட்டம் முழுமைக்கும் இருபத்தைந்து நிமிடம். நகர்வுக்குப் பத்து விநாடி கூடுதல். இப்படி நான்கு ஆட்டங்கள். முதலாவது டிரா. இரண்டாவதில் கெல்ஃபாண்ட் விநாடிகளை எண்ணிக்கொண்டே நெடுநேரம் தாக்குப்பிடித்து, காப்பாற்றியிருக்கக்கூடிய நிலையை இழந்து, 77 நகர்வுகளில் தோற்றார். மூன்றாவதில் அவர் கைக்கு வெற்றி வந்தது, நழுவவிட்டார். நான்காவதும் டிரா. இரண்டரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அங்கும் சமனாகியிருந்தால் ஐந்து நிமிட மின்னல் ஆட்டங்கள் இரண்டிரண்டாக, அதிகபட்சம் ஐந்து சுற்று. அதற்கும் பின் அர்மகெடான் என்ற ஒற்றை ஆட்டம். அதில் வெள்ளைக்கு ஐந்து நிமிடம், கறுப்புக்கு நான்கு. டிராவானால் கறுப்புக்கே வெற்றி.

இந்தப் படிக்கட்டின் தர்க்கம் எளிமையானது. வேகம் கூடினால் பிழை கூடும். பிழை கூடினால் முடிவு வரும். ஆட்டக்காரர்களின் திறமையில் சமன் உடையவில்லை என்றால் அவர்களுடைய தடுமாற்றத்தில் உடைத்துக்கொள்கிறோம். இதில் என்னைப்போன்ற ரசிகனுக்கு ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது.

*

இதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் இதன் இடம் புரியும். சதுரங்கப் பட்டப்போட்டிகளின் பழைய வழக்கம் குத்துச்சண்டையின் வழக்கத்தை ஒத்தது: சமனானால் பட்டம் இருப்பவரிடமே இருக்கும். அரசனை வீழ்த்தாமல் அரியணை கிடைக்காது. 1951இல் மிகயீல் பாட்வின்னிக்குக்கு எதிராக டேவிட் பிரான்ஸ்டீன் இருபத்து நான்கு ஆட்டங்கள் ஆடினார். இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போது ஒரு புள்ளி முன்னிலை. இருபத்து மூன்றாவதில் தோற்றார். கடைசி ஆட்டம் டிரா. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அவர் தோற்கவில்லை, ஆனால் பட்டம் பாட்வின்னிக்கிடமே இருந்தது. பிரான்ஸ்டீன் பிறகு ஒருபோதும் உலக வாகையர் ஆகவில்லை. மூன்றாண்டு கழித்து வாசிலி ஸ்மிஸ்லோவுக்கும் அதே பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, அதே வெறுங்கை. 2004இல் பீட்டர் லெக்கோ கடைசி ஆட்டத்துக்குள் ஒரு புள்ளி முன்னிலையோடு நுழைந்தார். விளாதிமிர் கிராம்னிக் அந்த ஒற்றை ஆட்டத்தை வென்று ஏழுக்கு ஏழு ஆக்கிப் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

சமனே கூடாது என்றும் ஒருமுறை பார்த்தார்கள். 1984இல் கார்ப்போவும் காஸ்பரோவும் யார் முதலில் ஆறு வெற்றி பெறுகிறாரோ அவருக்கே பட்டம், ஆட்ட எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்ற விதியில் அமர்ந்தார்கள். ஐந்து மாதங்கள், நாற்பத்தெட்டு ஆட்டங்கள், நாற்பது டிரா. ஐந்துக்கு மூன்று என்று கார்ப்போவ் முன்னிலையில் இருந்தபோது, 1985 பிப்ரவரியில், முடிவில்லாமலே போட்டி நிறுத்தப்பட்டது. எல்லையற்ற நியாயம் என்று ஒன்றைத் தேடினால் அது மனித உடம்புக்குள் அடங்காது என்பதற்கு அந்தப் போட்டி சாட்சி.

இன்னொரு எல்லையும் உண்டு. 1983இல் ஆஸ்திரியாவின் வெல்டன் நகரில், பட்டத்துக்குச் சவால்விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் காலிறுதியில் ஸ்மிஸ்லோவும் ராபர்ட் ஹியூப்னரும் பதினான்கு ஆட்டங்களுக்குப் பின்னும் ஏழுக்கு ஏழு. சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தைச் சுழற்றி முடிவெடுத்தார்கள். பந்து ஸ்மிஸ்லோவின் பக்கம் விழுந்தது. அறுபதைக் கடந்த அந்த மனிதர் அங்கிருந்து மேலே போய், அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றில் இளம் காஸ்பரோவின் எதிரே அமர்ந்தார். எதிர்பாராத நீதி சிலசமயம் இப்படியும் கிடைக்கிறது. ஆனாலும் சதுரங்கத்தின் முடிவைப் பகடையிடம் கொடுப்பதை எந்த ஆட்டக்காரரும் விரும்பமாட்டார்.

ஆகக் கையில் இருந்த வழிகள் மூன்று: இருப்பவருக்கே கொடுப்பது, தீரும்வரை ஆடுவது, விதியிடம் விடுவது. வேக முடிவாட்டம் இவற்றோடு சேர்ந்த நான்காவது வழி. இருபத்து நான்கு ஆட்டங்களாக இருந்த போட்டி பன்னிரண்டாகச் சுருங்கியபோது சமனாகும் வாய்ப்பு கூடிற்று. கணினியின் துணையோடு இரு தரப்பும் தயாரித்து வரும் காலத்தில் இன்னும் கூடிற்று. கிராம்னிக்கும் டொபலோவும் 2006இல் எலிஸ்டாவில் ஆறுக்கு ஆறாகி, வேக ஆட்டங்களில் கிராம்னிக் வென்றார். அதன்பின் இது பழகிய காட்சியாயிற்று.

*

இந்த நான்காவது வழியின் இரண்டு முகங்களையும் ஆனந்த் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு. 1994இல் ஹைதராபாதை அடுத்த சாங்கி நகரில், சொந்த நாட்டு ரசிகர்களின் முன்னால், காம்ஸ்கியுடன் நான்குக்கு நான்கு. வேக ஆட்டங்களில் இரண்டையும் இழந்தார். மின்னலாக ஆடுவதற்காகவே சிறுவயதிலிருந்து புகழ்பெற்றவர் வேக ஆட்டத்தில் தோற்றார் என்பது அன்று பலருக்கும் நம்பமுடியாத செய்தி.

1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஏறக்குறைய நூறு பேர் மோதிய தோற்றால் வெளியேறும் போட்டி. அரையிறுதியில் ஆனந்த் வென்றது இதே கெல்ஃபாண்டை. இறுதியில் மைக்கேல் ஆடம்ஸோடு ஒவ்வொரு ஆட்டமும் டிராவாகிக்கொண்டே போக, கடைசியில் ஒற்றை முடிவாட்டத்தில் வென்றார். அப்படி வாரக்கணக்கில் ஆடிக் களைத்தவர், சில நாள் இடைவெளியில் லோசான் நகருக்குப் போய், அந்தச் சுற்றுகள் எதிலும் ஆடாமல் நேரே இறுதிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த கார்ப்போவின் எதிரே அமரவேண்டியிருந்தது. ஆறாவது, கடைசி ஆட்டத்தை வென்று மூன்றுக்கு மூன்று ஆக்கினார். வேக ஆட்டங்கள் இரண்டும் கார்ப்போவுக்கு. அந்தத் தோல்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேக ஆட்டத்தின்மீது கோபம் வருவதுண்டு. நிதானமாக யோசித்தால் கோபம் சேரவேண்டிய இடம் வேறு. ஒருவர் மலையேறி வர, இன்னொருவர் உச்சியில் காத்திருந்தார். கடிகாரத்துக்கு முன்பே தராசு சாய்ந்துவிட்டது.

இங்கேதான் என் பழைய கேள்வி தவறான இடத்திலிருந்து எழுந்தது என்பதை உணர்ந்தேன். 2012இல் ஆனந்த் வேக ஆட்டத்தின் தயவால் வென்றார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் பழைய வழக்கம் நீடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆறுக்கு ஆறு என்ற அந்த நொடியிலேயே நடப்பு வாகையரான ஆனந்துக்குப் பட்டம். மே 30 அன்று அவர் மாஸ்கோவில் உட்காரவே வேண்டியிருந்திருக்காது. புதிய விதி அவருக்கு எதையும் தரவில்லை. அவரிடம் இருந்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, மறுபடி வென்று எடுத்துக்கொள் என்றது. 1998இலும் அப்படித்தான்: பழைய விதியிலும் மூன்றுக்கு மூன்று என்றால் பட்டம் கார்ப்போவுக்கே.

கணக்கை நீட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. 2016இல் கார்ல்சன் கரியாக்கினோடு ஆறுக்கு ஆறு, முடிவாட்டத்தில் கார்ல்சன். 2018இல் கருவானாவோடு பன்னிரண்டும் டிரா. முடிவாட்டத்தில் மீண்டும் கார்ல்சன். 2023இல் அஸ்தானாவில் டிங் லிரென் ஏழுக்கு ஏழு என்ற நிலையிலிருந்து வேக ஆட்டத்தில் நெபோம்னியாச்சியை வென்றபோது, இருவருமே நடப்பு வாகையர் அல்லர். நடப்பு வாகையர் ஒருவர் அமர்ந்து சமனாகி வேக ஆட்டத்துக்குப் போன பட்டப்போட்டிகளில் இதுவரை பட்டம் கைமாறவே இல்லை. பழைய விதி இருந்திருந்தாலும் பெயர்கள் இவையேதான். மாறியது சுமை. முன்பு சமன் என்றால் சவால் விடுத்தவர் மட்டும் எழுந்து போகவேண்டும். இப்போது இருவரும் மறுபடி உட்காரவேண்டும். பிரான்ஸ்டீனுக்குக் கிடைக்காத ஓர் ஆசனம் கெல்ஃபாண்டுக்குக் கிடைத்தது. மூன்றாவது ஆட்டத்தில் அவர் கையருகே வெற்றி வந்து நின்ற அந்தச் சில நிமிடங்களைப் பழைய விதி அவருக்கு ஒருபோதும் தந்திருக்காது.

*

விதி இன்னொரு வகையிலும் வேலை செய்கிறது: தான் அமலாகும் முன்பே. 2010இல் சோஃபியாவில், ஐந்தரைக்கு ஐந்தரை என்றிருந்தபோது, கடைசி ஆட்டத்தில் டொபலோவுக்கு வெள்ளைக் காய். டிரா செய்தால் ஆனந்தோடு வேக ஆட்டம். அதைத் தவிர்க்க நினைத்து அவர் நிலை தாங்காத அளவுக்கு வெற்றியைத் துரத்தினார் என்பதே அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களின் பொதுவான முடிவு. கறுப்புக் காய்களோடு ஆனந்த் வென்றார். 2018இல் நேர்மாறு: கடைசி ஆட்டத்தில் நல்ல நிலையும் அதிக நேரமும் கையில் இருக்க, கார்ல்சன் தானே டிரா கேட்டார். வேக ஆட்டத்தில் தன் பலம் அவருக்குத் தெரியும். விமர்சனம் எழுந்தது, வேக ஆட்டங்கள் மூன்றையும் வென்று பதில் சொன்னார். முடிவாட்டத்தில் தோற்றவருக்குப் பரிசில் நாற்பதுக்குப் பதில் நாற்பத்தைந்து சதவீதம் என்று அந்தப் போட்டியின் விதியில் ஒரு வரி இருந்தது. வேகத்தில் கிடைக்கும் தீர்ப்பை விதி எழுதியவர்களே முழுத் தீர்ப்பாகக் கருதவில்லை போலும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் ஆறரைக்கு ஆறரை. பதினான்காம் ஆட்டம் டிராவை நோக்கிப் போவதாகவே எல்லோரும் நினைத்தார்கள். வேக ஆட்டத்தில் டிங்குக்கே வாய்ப்பு அதிகம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னையின் பதினெட்டு வயதுப் பையன் குகேஷ் ஒரேயொரு சிப்பாய் அதிகம் என்ற சிறிய ஆதாயத்தை விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங்கின் யானை தவறான கட்டத்துக்குப் போயிற்று. முடிவாட்டம் தேவைப்படவில்லை. இரண்டு மாதம் கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி 2 அன்று விக் ஆன் ஸீயில் அதே குகேஷும் பிரக்ஞானந்தாவும் எட்டரைப் புள்ளிகளில் சமமாக நின்றார்கள். மின்னல் ஆட்டத்தில் முதலாவது குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, தீர்மானிக்கும் மூன்றாவதும் பிரக்ஞானந்தாவுக்கு. உலக வாகையருக்கும் விலக்கில்லை.

ஆலங்குளத்தில் பிள்ளையார் கோயில் திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் இருந்தன. மூன்று புலி, பதினைந்து ஆடு. பக்கங்கள் சமமில்லாத ஆட்டம். ஒருமுறை பெரியப்பாவைத் தோற்கடித்துவிட்டு நான் துள்ளியபோது அவர் சொன்னார்: "புலியை வச்சு ஜெயிச்சா அது புலியோட கெட்டித்தனம்டா. இப்ப ஆட்டை வச்சு ஜெயிச்சுக் காட்டு." பக்கம் மாற்றி ஆடினோம். நான் தோற்றேன். ஆளுக்கு ஒன்று என்று எழுந்து வீட்டுக்குப் போனோம். திண்ணையில் சமன் என்பது அப்படியே விட்டுவிடக்கூடிய ஒன்று.

பட்டம் ஒன்றுதான் என்னும்போது அப்படி விடமுடிவதில்லை. அதற்காக ஒரு விதி வைத்துக்கொள்கிறோம். அது பட்டம் யாருக்கு என்று மட்டுமே சொல்லும். யார் சிறந்தவர் என்பதற்கு அதற்கு முந்தைய கணக்கே பதில். மாஸ்கோவைப் பொறுத்தவரை அந்தப் பதில் இன்றும் ஆறுக்கு ஆறுதான். லோசானில் சவால் விடுத்தவராகவும் மாஸ்கோவில் வாகையராகவும், பெரியப்பா சொன்னதுபோல இரண்டு பக்கமும் இருந்து ஆடியவர் ஆனந்த். அன்று மின்சாரம் வந்தபோது நான் பார்த்திருக்கவேண்டியது முன்னிலையில் இருந்த அவர் பெயரை மட்டுமல்ல. அதன் எதிரே, மூன்றாவது ஆட்டத்துக்காக மறுபடி காய்களை அடுக்கிக்கொண்டிருந்தவரின் பெயரையும்தான்.