கிண்ணம் காத்த நிலவறை

பழைய மதுவின் அருமையைத் திருநூல் நன்கு அறிந்திருக்கிறது. பழையதைப் பருகிப் பழகியவர் புதியதை நாடார் என்னும் உலக வழக்கை நம் ஆண்டவரே எடுத்துக் காட்டியதாக லூக்கா எழுதுகிறார். புதிய நட்பைப் புது மதுவுக்கு ஒப்பிடும் சீராக்கின் ஞானம், முதிர்ந்த பின்னரே அதன் இனிமை தெரியும் என்கிறது. ஆயினும், தோற்பையிலும் மட்சாடியிலும் மதுவை அடைத்து வைத்த அந்நாளைய மக்கள் கண்ட முதுமை பெரும்பாலும் சில ஆண்டுகளின் முதுமையே. கண்ணாடிக் குப்பியும் தக்கையும் சேர்ந்த பின்னரே ஓர் அறுவடையின் மதுவை அரை நூற்றாண்டு கழித்துச் சுவைத்தறிவது பரவலாக இயல்வதாயிற்று.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நாபா பள்ளத்தாக்கில், ரதர்ஃபோர்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள போல்யூ என்னும் பழம்பெரும் மது ஆலையின் 1951, 1958, 1968 ஆகிய ஆண்டுகளின் சிவப்பு மது, சுவை வல்லுநர்களால் பல பதிற்றாண்டுகளாகப் போற்றப்பட்டு வருகிறது. அம்மதுவின் வரலாற்றைத் தேடிச் செல்வோர் இறுதியில் ஒரு பலிபீடத்தின் முன் வந்து நிற்பர். அவ்வரலாற்றையே ஈண்டுச் சிந்திக்க விழைகின்றோம்.

குடியினால் குலைந்த குடும்பங்களை அன்றாடம் காணும் நமக்கு இத்தகைய பொருள் ஏற்றதா என்று வாசகர் சிலர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. ஆனால் நாம் இங்கே பேசப் போவது குடியைப் பற்றியன்று; காத்தலைப் பற்றி.

முதுமை செய்யும் மாற்றம்

இளஞ்சிவப்பு மது கருநீலம் கலந்த நிறமும், நாவை இறுக்கும் துவர்ப்பும் உடையது. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருளே அத்துவர்ப்புக்குக் காரணம். குப்பியில் ஆண்டுகள் செல்லச் செல்ல டானினும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று இணைந்து, கனத்து, வண்டலாக அடியில் படிகின்றன. மதுவின் நிறம் மெல்ல வெளிறிச் செங்கல் நிறத்தை அடைகிறது. துவர்ப்பு மென்மையாகிறது. பழத்தின் மணம் பின்வாங்க, உலர்ந்த இலை, தோல், புகையிலை, ஈரமண் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழுகின்றன.

இம்மாற்றம் தானே நிகழ்வதன்று. குப்பி கிடைமட்டமாகக் கிடக்க வேண்டும். இல்லையேல் தக்கை உலர்ந்து காற்று புகும். நிலவறையின் வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ் அளவில் ஏற்றத்தாழ்வின்றி இருத்தல் நலம். ஒளியும் அதிர்வும் ஆகா. இவ்வளவும் செய்தாலும், தொடக்கத்தில் நலமாயிராத மதுவை முதுமை நலமாக்குவதில்லை. காலம் உள்ளதை வெளிப்படுத்தும், இல்லாததைத் தாராது.

பழங்குப்பியைத் திறப்போர் அதனைச் சில நாள் நிமிர்த்தி வைத்து வண்டலை அடங்கச் செய்வர். பின்னர், குப்பியின் கழுத்துக்குப் பின்னே மெழுகுதிரி ஒன்றை ஏற்றி வைத்து, தெளிந்த மதுவை மட்டும் வேறு குடுவைக்கு மெல்ல வடிப்பர். மிகப் பழைய மது காற்றுப்பட்ட சிறிது நேரத்திலேயே தன் மணத்தை இழந்துவிடக் கூடும். ஐம்பதாண்டுப் பொறுமையின் பயன் சிலவேளை அரைமணி நேரமே நிலைக்கிறது.

பீடத்துக்கென வந்த கொடி

கலிபோர்னியாவில் மதுவின் வரலாறு வணிகரால் தொடங்கப்பட்டதன்று. 1769ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஹூனிப்பெரோ செர்ரா சான் தியேகோவில் முதல் பணித்தளத்தை நிறுவினார். அடுத்து வந்த ஆண்டுகளில் துறவியர் திருப்பலிக்கு வேண்டிய இரசத்துக்காகத் திராட்சைக் கொடிகளை நட்டனர். பணித்தளத் திராட்சை என்றே பெயர் பெற்ற அக்கொடி, ஸ்பெயின் நாட்டின் லிஸ்தான் பிரியேத்தோ என்னும் பழைய வகையே என்பது இந்நூற்றாண்டில் மரபணு ஆய்வால் தெளிவாயிற்று.

அத்தோட்டங்களில் நிலத்தைப் பண்படுத்தியவரும், கனியைக் கொய்தவரும், மிதித்துச் சாறு பிழிந்தவரும் அம்மண்ணின் தொல்குடி மக்களே. அவர்களுள் எண்ணற்றோர் புதிய நோய்களால் மாண்டனர். பணித்தளங்களை விட்டு நீங்க விரும்பியோர் பலர் வலிந்து திருப்பிக் கொணரப்பட்டனர். 2015ஆம் ஆண்டு செர்ரா புனிதராக உயர்த்தப்பட்டபோது அம்மக்களின் வழித்தோன்றல்கள் பலர் தம் வேதனையை வெளிப்படுத்தியதை நாம் மறத்தலாகாது. காணிக்கைப் பொருள்களை ஒப்புக்கொடுக்கையில் மனித உழைப்பின் பயன் என்று மன்றாடுகின்றோம். அவ்வுழைப்பு எவருடையது என்னும் வினாவும் அம்மன்றாட்டில் அடங்கியுள்ளது.

மதுவிலக்கின் காலம்

போல்யூ ஆலையை நிறுவிய ஜார்ஜ் தெ லத்தூர் பிரான்சு நாட்டின் பெரிகோர் பகுதியைச் சேர்ந்தவர். 1883இல் கலிபோர்னியாவுக்கு வந்த அவர், மதுத் தொட்டிகளின் சுவரில் படியும் டார்டார் உப்பைச் சேகரித்து விற்றுப் பொருளீட்டினார். 1900இல் ரதர்ஃபோர்டில் நிலம் வாங்கினார். அவருடைய துணைவியார் பெர்னாந்து அந்நிலத்துக்கு இட்ட பெயரே போல்யூ. பிரெஞ்சு மொழியில் அழகிய இடம் என்பது பொருள். பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்து வந்த அக்காலத்தில், அதனை எதிர்த்து நிற்கும் வேர்க்கன்றுகளை அவர் பிரான்சிலிருந்து வரவழைத்துப் பிறர்க்கும் விற்றார். சான் பிரான்சிஸ்கோ பேராயர் பாட்ரிக் ரியோர்டன் அவருடைய மதுவைத் திருப்பலிக்கு ஏற்றதென ஒப்பினார். அவ்வொப்புதல் பிற்காலத்தில் எத்துணைப் பயனுடையதாகும் என்பதை அன்று எவர் அறிவார்?

1920 சனவரி 17ஆம் நாள் அமெரிக்க நாடெங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவின் மது ஆலைகளுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. ரதர்ஃபோர்டிலேயே, 1879இல் நிறுவப்பட்டுப் பெரும்புகழ் ஈட்டியிருந்த இங்கிள்நுக் ஆலையும் தன் பணியை நிறுத்தியது. இல்லங்களில் பழச்சாறு ஆக்கிக்கொள்ளச் சட்டம் இடமளித்ததால், தொலைதூர இரயில் பயணத்தைத் தாங்கும் தடித்த தோலுடைய திராட்சை வகைகளுக்கே விலை கிடைத்தது. எனவே பலர் உயர்ந்த கொடிகளை அகற்றி அவற்றை நட்டனர்.

ஆனால் அச்சட்டம் சமய வழிபாட்டுக்குரிய மதுவுக்கு விலக்களித்திருந்தது. அவ்விலக்கின் கீழ் போல்யூவின் இரசம் நாட்டின் பல மறைமாவட்டங்களுக்கு இரயிலேறிச் சென்றது. தெ லசால் அருள்சகோதரர்களின் ஆலையும், லாஸ் கேட்டோசில் இயேசு சபை நவதுறவியர் இல்லத்தின் ஆலையும் திருப்பலி இரசத்தாலேயே அக்காலத்தைக் கடந்தன. மற்றவர் கதவடைத்த அந்நாள்களில், 1885இல் எழுப்பப்பட்ட கற்கட்டட ஆலையொன்றை 1923இல் விலைக்கு வாங்கும் அளவுக்குப் போல்யூ வளர்ந்தது. 1933 திசம்பர் 5ஆம் நாள் மதுவிலக்கு நீங்கியபோது, அங்கே கொடிகள் உயிரோடிருந்தன. தொழிலறிந்த கைகள் இருந்தன. நிலவறையில் மதுவும் இருந்தது.

சலுகையின் நிழல்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் உண்மையின் பொருட்டுச் சொல்லியாக வேண்டும். 1922க்கும் 1924க்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில் வழிபாட்டு மதுவின் தேவை ஏறத்தாழ 8 இலட்சம் காலன் பெருகியதாக, அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு 1925இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நேர்மையான வழிபாட்டின் தேவை அவ்வளவு விரைவில் பெருகாது என்பதையும் அது சுட்டியது. மந்தையில்லாத ஆயர்களாகத் தம்மைப் பொய்யாகப் பதிந்து கொண்டு மதுவைப் பெற்று விற்றோர் பல சமயங்களின் பெயராலும் தோன்றினர்.

பீடத்துக்கென வழங்கப்பட்ட ஒரு சலுகை, ஒருபுறம் நல்ல கலையொன்றை அழியாது காத்தது. மறுபுறம் பொய்க்குப் போர்வையாயிற்று. சட்டம் ஒன்றே, அதனைக் கையாண்ட மனச்சான்றுகள் வேறு. திருச்சபைக்கு அரசும் சமுதாயமும் அளிக்கும் விலக்குகள் யாவும் இத்தகையனவே. அவை நமக்குரிய உடைமைகள் அல்ல, நம்பி ஒப்படைக்கப்பட்டவை. குறித்த நோக்கத்தைவிட்டு ஒரு துளி சிந்தினாலும் பழி பீடத்தின் மீதே விழும்.

பொறுமையின் சான்று

மதுவிலக்கு நீங்கிய பின்னும் நல்ல மது உடனே பிறந்துவிடவில்லை. இனிப்பான மதுவுக்கே நாடெங்கும் நாவு பழகியிருந்தது. 1938இல் தெ லத்தூர், பாரிசில் பணியாற்றி வந்த உருசிய நாட்டவரான ஆந்திரே செலிஷெஃப் என்னும் அறிஞரை அழைத்து வந்தார். தூய்மை, குளிர்ந்த நொதித்தல், பனியினின்று கொடிகளைக் காத்தல் ஆகியவற்றில் அவர் புதுநெறி வகுத்தார். அவர் வருகைக்கு முன்பே, 1936இல், அறுவடையான கபர்னே சோவிஞான் திராட்சையின் மது நிலவறையில் முதிர்ந்து கொண்டிருந்தது. 1940இல் தெ லத்தூர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கி அம்மது அவ்வாண்டே வெளிவந்தது. பின்னர் பல்லாண்டுகள் வல்லுநர் போற்றிய மது வரிசைக்கு அதுவே தொடக்கம்.

செலிஷெஃப்பின் வழிகாட்டுதல் அவ்வாலையோடு நிற்கவில்லை. 1976 மே 24ஆம் நாள் பாரிசில், பெயர் மறைத்த குப்பிகளைப் பிரெஞ்சு வல்லுநரே சுவைத்து மதிப்பிட்டபோது, சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னிய மதுவே முதலிடம் பெற்றது. சிவப்பில் வென்ற ஆலை செலிஷெஃப்பின் அறிவுரையைப் பெற்றது. வெள்ளையில் வென்ற மதுவை ஆக்கியவர் போல்யூவில் அவரோடு பணியாற்றியவர். அம்மதுக்கள் விரைவில் வாடும், பிரெஞ்சு மதுவே நீடிக்கும் என்றனர் சிலர். 30 ஆண்டுகள் கழித்து, 2006இல், அதே சிவப்பு மதுக்கள் இலண்டனிலும் நாபாவிலும் மீண்டும் சுவைக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. முதலிடம் பெற்றது 1971ஆம் ஆண்டின் மது. வாதத்தால் தீராததைக் காலம் தீர்த்து வைத்தது.

திருச்சபைச் சட்டம் திருப்பலி இரசத்துக்குக் கேட்பது மிகச் சிறிதே: அது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாய்ப் பெறப்பட்டதாயும் கெடாததாயும் இருக்க வேண்டும். விலையும் முதுமையும் அது கேட்பதில்லை. அந்த எளிய தேவை, எவரும் திட்டமிடாமலே, ஒரு பள்ளத்தாக்கின் கலையைப் பதினான்கு ஆண்டு வறட்சியினின்று காத்தது. சில துளிகளே கொள்ளும் கிண்ணத்துக்காக ஒரு நிலவறை அணையாது நின்றது.

நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் இத்தகைய நிலவறைகள் உண்டு. பாட்டியார் கற்பித்த மன்றாட்டு, பழைய பாடல் மரபு, வாய்மை தவறாத கைத்தொழில் ஆகியவற்றுக்கு இன்று சந்தையில் விலையில்லை என்பதற்காகக் கொடியை வெட்டிவிடுதல் எளிது. காப்பதற்கோ நாள்தோறும் சிறிது உழைப்பு வேண்டும். காக்கிறோம் என்னும் பெயரில் பொய் புகாதிருக்க விழிப்பும் வேண்டும். நாம் காத்ததன் சுவையை நாமே அறிவோம் என்பதற்கு உறுதியில்லை. தெ லத்தூர் 1951இன் மதுவைச் சுவைக்கவில்லை. நட்டவர் அவர், பருகியவர் பிறர்.