உலக இளைஞர் தினம்: ஸ்லீப்பிங் பேக்கோடு நாடு தாண்டும் கத்தோலிக்க இளைஞர்கள்... யார் போகலாம், யாருக்குக் கதவு திறக்காது?

லிஸ்பன் நகரின் ஓரம், தேஜோ ஆற்றங்கரைத் திடல். 2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இரவு அங்கே சுமார் 15 லட்சம் பேர் கூடினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். விடிய விடிய திறந்தவெளியில் தங்கி, காலையில் அதே இடத்தில் போப் பிரான்சிஸ் நிறைவேற்றிய திருப்பலியில் கலந்துகொண்டார்கள். அது முடிந்ததும் அடுத்த ஊரை போப் அறிவித்தார்: தென் கொரியத் தலைநகர் சியோல், 2027.

இதுதான் உலக இளைஞர் தினம். பெயரில்தான் 'தினம்'. உண்மையில் ஒரு வாரம். அதற்கு முன்னால் வரும் நாட்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு வாரம். ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.நா. கொண்டாடும் சர்வதேச இளைஞர் தினம் வேற, இது வேற. 2025-இல் ரோமில் போப் பதினான்காம் லியோ தலைமையில் 10 லட்சம் பேர் கூடியதும் இது இல்லை. அது யூபிலி ஆண்டுக்கான இளைஞர் விழா.

எப்படி ஆரம்பித்தது?

1984-இல் ரோமில் புனித ஆண்டு கொண்டாட்டம் நடந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு இளைஞர்கள் வரட்டும் என்று போப் இரண்டாம் ஜான் பால் அழைத்தார். எதிர்பார்த்ததைவிட பெரிய கூட்டம். அந்த ஆண்டு ஈஸ்டரின்போது 3.8 மீட்டர் உயரமுள்ள ஒரு மரச் சிலுவையை இளைஞர்கள் கையில் கொடுத்து, உலகம் முழுக்க எடுத்துப் போகச் சொன்னார். அந்தச் சிலுவை இன்றைக்கும் பயணத்தில்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் வத்திக்கானில் வைத்து போர்ச்சுகல் இளைஞர்கள் அதை கொரிய இளைஞர்களிடம் ஒப்படைத்தார்கள்.

1985-ஐ ஐ.நா. சர்வதேச இளைஞர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு கடைசியில்தான் இது நிரந்தர நிகழ்வாக ஆனது. 1987-இல் புவெனஸ் அயர்ஸ், 1989-இல் ஸ்பெயினின் சாந்தியாகோ என்று ரோமைத் தாண்டிப் போகத் தொடங்கியது.

இதில் 1991 தனிக் கதை. போலந்தின் செஸ்டகோவா ஊரில் அந்த ஆகஸ்டில் கூட்டம் நடந்தபோது, கம்யூனிச ஆட்சிகள் கவிழ்ந்து எல்லைகள் அப்போதுதான் திறந்திருந்தன. சோவியத் ஒன்றியத்தில் இருந்தே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்பு நினைத்தே பார்க்க முடியாத பயணம் அது. விழா முடிந்த சில நாட்களில், ஆகஸ்ட் 19-ஆம் தேதி, மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ!

அந்த ஒரு வாரம் எப்படி இருக்கும்?

டூர் பேக்கேஜ் மாதிரி நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தங்குவது பள்ளி வகுப்பறை, பங்கு மண்டபம், விளையாட்டு அரங்கம் அல்லது உள்ளூர்க் குடும்பங்களின் வீடு. பல இடங்களில் தரையில்தான் படுக்க வேண்டும், குளியலறைக்கு வரிசையில்தான் நிற்க வேண்டும்.

முக்கிய வாரத்துக்கு முன்பு, அந்த நாட்டின் மற்ற ஊர்களில் சில நாட்கள் தங்க வைக்கிறார்கள். 'மறைமாவட்ட நாட்கள்' என்று பெயர். 1997 பாரிஸ் கூடுகையில் இது தொடங்கியது. போய் வந்தவர்கள் பலரும் போப்பைப் பார்த்ததைவிட, பாஷை தெரியாத வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

பிறகு விழா நகரம். தொடக்கத் திருப்பலி, மொழிவாரியாக வகுப்புகள், போப்புக்கு வரவேற்பு, வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை. சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து திடலுக்குப் போய், இரவு ஜெபம் முடித்து அங்கேயே தங்க வேண்டும். வேளாங்கண்ணி பாதயாத்திரையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். ஞாயிறு காலை நிறைவுத் திருப்பலி.

வானிலை கருணை காட்டாது. 2011-இல் மாட்ரிட்டில் பகல் முழுக்க வெயில் வாட்டியது, இரவில் புயல் மழை வந்து போப் பதினாறாம் பெனடிக்ட் உரையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2013-இல் ரியோவில் தயார் செய்த திடல் மழையில் சேறாகிவிட, கடைசி நேரத்தில் எல்லாமே கோபகபானா கடற்கரைக்கு மாறியது. சியோலிலும் ஆகஸ்ட் என்றால் புழுக்கமும் மழையும்தான்.

பாஸ்போர்ட்தான் உண்மையான நுழைவுச் சீட்டு

பதிவுக் கட்டணம் பெரிய பாரம் இல்லை. பதிவு செய்கிறவர்கள் தரும் சிறு தொகையில் இருந்து ஒரு ஒற்றுமை நிதி உருவாக்கி, ஏழை நாட்டு இளைஞர்கள் வர உதவுகிறார்கள். பாக்கெட்டைக் கிழிப்பது விமான டிக்கெட். அதையும் சேர்த்து வைத்துவிட்டாலும், கடைசிக் கதவு விசா.

ஜெர்மனி அல்லது அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மாணவர் விசா இல்லாமலேயே சியோலில் இறங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரால் முடியாது. தூதரகத்தில் விண்ணப்பித்து, வங்கிக் கணக்கு, வேலை அல்லது படிப்புச் சான்று எல்லாம் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் நடந்தால் ஷெங்கன் விசா. 20 வயதில், சொந்த வருமானம் இல்லாத, சொத்தும் இல்லாத ஒருவர் 'கண்டிப்பாகத் திரும்பி வருவேன்' என்று எதை வைத்து நிரூபிப்பது? விசா அதிகாரி சந்தேகப்படும் வயதும், இந்த விழா அழைக்கும் வயதும் ஒன்றாகவே இருப்பதுதான் சிக்கல்.

அதிகாரிகளின் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. லிஸ்பன் கூடுகையின்போது அங்கோலா, கேப் வெர்டே நாடுகளில் இருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் குழுவில் இருந்து பிரிந்து போனது போர்ச்சுகலில் செய்தியானது. சிலர் அப்படிப் போனால், அடுத்த முறை அந்த ஊரில் இருந்து விண்ணப்பிக்கும் நேர்மையான இளைஞருக்கும் கதவு இறுகும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: கத்தோலிக்கர்கள் வேகமாகப் பெருகும் ஆப்பிரிக்காவில் இந்தக் கூடுகை இதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. ஆசியாவிலும் 1995 மணிலாவுக்குப் பிறகு இப்போதுதான். மணிலாவின் நிறைவுத் திருப்பலிக்கு 40 முதல் 50 லட்சம் பேர் வந்ததாக மதிப்பிடுகிறார்கள். பக்கத்தில் நடத்தினால் மக்கள் வருவார்கள் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா?

யார் பணம்?

விமர்சனங்களும் உண்டு. லிஸ்பனில் பலிபீட மேடைக்கு மட்டும் 42 லட்சம் யூரோ என்று தெரிந்ததும் பெரிய சர்ச்சை வெடித்தது. பிறகு அளவைக் குறைத்து 29 லட்சம் யூரோவுக்கு இறக்கினார்கள். தெருக்கலைஞர் போர்டாலோ இரண்டாமவர், போலி 500 யூரோ நோட்டுகளால் ஆன கம்பளத்தை அந்த மேடைப் படிகளில் விரித்து எதிர்ப்பைக் காட்டினார். அதே ஆண்டு, போர்ச்சுகல் திருச்சபையில் சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமைகள் பற்றிய அறிக்கையும் வந்திருந்தது. லிஸ்பன் பயணத்தின்போது பாதிக்கப்பட்ட 13 பேரை பிரான்சிஸ் தனியாகச் சந்தித்தார்.

சியோல் ஏன்?

கொரியாவில் கத்தோலிக்கர்கள் சுமார் 11 சதவீதம்தான். ஆனால் அங்கே இந்த மதத்தைக் கொண்டுவந்தது வெளிநாட்டுப் பாதிரியார்கள் இல்லை. சீனாவில் இருந்து வந்த புத்தகங்களைப் படித்த உள்ளூர் அறிஞர்கள். அவர்களில் யி சுங்-ஹுன் பெய்ஜிங் போய் 1784-இல் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். பிறகு கடுமையான அடக்குமுறை. முதல் கொரியப் பாதிரியாரான ஆண்ட்ரூ கிம், படிப்பதற்காக 15 வயதில் கிளம்பி சீனாவைக் கடந்து மக்காவ் வரை போனவர். ரகசியமாக நாடு திரும்பியவரை 1846-இல் சியோலின் ஹான் ஆற்றங்கரையில் தலை வெட்டிக் கொன்றார்கள். அப்போது வயது 25.

போக நினைப்பவர்கள் கவனிக்க

தனியாகவும் பதிவு செய்யலாம். ஆனால் மறைமாவட்ட இளைஞர் பணிக்குழு வழியாக, குழுவாகப் போவதுதான் விசா விஷயத்தில் நல்லது. பதிவு செய்தாலே விசா உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விழாக் குழு கொடுக்கும் அழைப்புக் கடிதம் ஒரு துணை ஆவணம் மட்டும்தான்; முடிவு தூதரகத்தின் கையில்.

விசா கிடைக்காதவர்களுக்கு உள்ளூரில் ஒரு வழி இருக்கிறது. மறைமாவட்ட அளவிலும் ஒவ்வோர் ஆண்டும் இதே தினம் கொண்டாடப்படுகிறது. முன்பு குருத்தோலை ஞாயிறில் நடந்தது, 2021 முதல் நவம்பரில் வரும் கிறிஸ்து அரசர் ஞாயிறுக்கு மாறியிருக்கிறது.