ஜாமீன் யாருக்கு?

"அரசாங்கமே ஜாமீன் நிக்குதாம், வீட்டுப் பத்திரமே வேணாமாம்." திருவண்ணாமலையில் ஃபிரான்சைஸ் கடை எடுக்கணும்னு யார் பேச ஆரம்பிச்சாலும் இந்த வரி வந்துடும். அதுல பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு கொஞ்சம் பழைய கதை பேசணும்.

இந்த ஜாமீன் புதுசு இல்லீங்க. 1960 ஜூலையிலேயே மத்திய அரசு சிறுதொழில் கடன்களுக்கு உத்தரவாதத் திட்டம் கொண்டு வந்தது. நிர்வாகம் ரிசர்வ் வங்கி. முதல்ல 22 மாவட்டம், 1963-ல் நாடு முழுக்க. ஆனா அது தொழில் பண்றவங்களுக்கு. பெட்டிக்கடைக்காரருக்கு 1971 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. வங்கிகளை தேசியமயமாக்கி (1969) ரெண்டு வருஷம் கழிச்சு கடன் உத்தரவாதக் கழகம் வந்தது. சில்லறை வியாபாரி, வண்டி ஓட்டுறவர், விவசாயி எல்லாரும் அதுல உண்டு.

அப்புறம் என்ன ஆச்சு? வசூலான கட்டணத்தை விட வங்கிகள் கேட்ட இழப்பீடு எகிறிடுச்சு. கட்டணத்தை ஏத்தினாங்க, வங்கிகள் ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு. 2003 ஏப்ரல்ல அந்தத் திட்டத்துல ஒரு வங்கி கூட மிச்சமில்லை.

அதுக்குள்ள, 2000 ஆகஸ்ட்ல, மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து புது அறக்கட்டளை ஆரம்பிச்சாச்சு. இப்போ எல்லாரும் சொல்ற சிஜிடிஎம்எஸ்இ அதுதான். வேடிக்கை என்னன்னா, 1971-ல் உள்ளே இருந்த கடைக்காரர் இதுல வெளியே! சில்லறை வியாபாரம் உள்ளே வர 2018 ஆச்சு. பழைய சூடு மறக்கலை போலன்னு நான் நினைச்சுக்குவேன். நடுவுல 2015-ல் முத்ரா வந்து 10 லட்சம் வரைக்கும் வழி திறந்தது.

சரி, ஜாமீன் யாருக்கு? வங்கிக்கு! நீங்க கட்டலைன்னா அறக்கட்டளை பெரும்பங்கை வங்கிக்குக் கொடுக்கும். உங்க கடன் தள்ளுபடி ஆகாது. வங்கி உங்களைத் துரத்தி வசூல் பண்ணி, அதுல அறக்கட்டளையோட பங்கைத் திருப்பித் தரணும். நீங்க கட்டாத பேர் சிபில்லயும் ஏறும். எங்க தெரு அண்ணன் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்போ, "அப்போ கட்டணம் மட்டும் ஏன்யா நம்ம தலையில?"ன்னார். நியாயமான கேள்விதான்.

ஃபிரான்சைஸ்ல இன்னொரு சிக்கல். அடுப்பு, ஃப்ரிட்ஜ் வாங்கினா கடை மூடினாலும் பாதி விலைக்காவது போகும். கம்பெனிக்குக் கட்டின பேர்க் கட்டணம் போனா போனதுதான். அண்ணன் காட்டின திட்ட அறிக்கையில தினசரி விற்பனைக் கணக்கு போட்டது பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை வச்சு. பௌர்ணமி மாசத்துக்கு ஒண்ணு, தீபம் வருஷத்துக்கு ஒண்ணு. மத்த நாள்ல 14 கிலோமீட்டர் பாதையில எத்தனை பேர் நடக்கிறாங்கன்னு உள்ளூர்க்காரருக்குத் தெரியாதா?

அமெரிக்காவுல சிறுதொழில் நிர்வாகம் 1953-லிருந்து இருக்கு, ஃபிரான்சைஸ் வாங்கவும் அதோட ஜாமீன்ல வங்கிக் கடன் கிடைக்கும். ஆனா அங்கே 1979-லிருந்து இன்னொரு விதியும் உண்டு. செலவு, வழக்கு, மூடின கிளைகள்னு எல்லா விவரத்தையும் கம்பெனி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். இப்போ கையெழுத்துக்கு 14 நாள் முன்னாடி. நம்ம நாட்டுல ஃபிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டமே கிடையாது. அதனால மூடின கிளை எத்தனைன்னு நாமதான் வாய்விட்டுக் கேக்கணும். அப்படியே வேற ஊர்ல அதே போர்டு மாட்டினவர் கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய், ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு வாங்க.