பட்டியலில் அவள் பெயர்

வரலாறு என்றால் வாளேந்திய மன்னரை மட்டுமே எண்ணும் வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. கிருஷ்ணகிரி என்றதும் மலைக்கோட்டையும் திப்புவின் படையும் நினைவுக்கு வருகின்றன. கோட்டைக்குக் கீழே களை பறித்த பெண், தன்னை ஆள்வோரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை எப்போது பெற்றாள்? இதற்கு விடை கல்வெட்டில் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் உறங்கும் சட்டமன்ற ஏடுகளில் இருக்கிறது.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தில் அடங்கியவை. 1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் குழு ஒன்று மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை கேட்டது. சவுத்பரோ குழுவோ, நாட்டின் சமூகப் பழக்கங்களைக் காரணம் காட்டி மறுத்தது. அடிமைத்தனத்தைக் காட்டியே அடிமைத்தனத்தை நீட்டிப்பது ஆதிக்கக்காரரின் பழைய தந்திரமன்றோ!

1919-ஆம் ஆண்டுச் சட்டம், முடிவை மாகாண சபைகளிடம் விட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கிருந்த தடையை நீக்கிற்று. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதுவே முதல். ஆண்களுக்கு 21 வயதில் வாக்களித்த இங்கிலாந்து, பெண்களுக்கு அச்சமத்துவத்தைத் தந்தது 1928-இல்தான்!

ஆனால் தோழர்களே, இத்துடன் மகிழ்ந்துவிட முடியுமா? வாக்கு, சொத்துடையோருக்கு மட்டுமே கிடைத்தது. மனுவின் வழிவந்த சமூகம் பெண்ணுக்கா சொத்தைத் தந்தது? நூறு பெண்களில் ஒருத்திகூட வாக்காளராகவில்லை. கதவு திறந்தது, வாயிற்படியில் சொத்து நின்று மறித்தது. அதனால்தான் 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென முழங்கிற்று. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது!

1935-ஆம் ஆண்டுச் சட்டம் சில பெண்களுக்கு வாக்களித்தது, எப்படி? கணவன் சொத்தின் நிழலில்! 1950-இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அப்போதும் 1951-52 தேர்தலுக்கான பட்டியலில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் இடம்பெறவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே அவர்கள் பதியப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் வடபுலத்தார். உரிமையைச் சட்டம் தந்தது. பெயரை வழக்கம் விழுங்கிற்று.

இன்று ஓசூர், எல்லையோரத் தொழில் நகரம். தொலைவூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி, மின்னணுத் தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். ஊதியம் இங்கே, பெயர் ஊர்ப் பட்டியலில் என்றால், வாக்கு எங்கே? வழக்கமாக வாழும் இடத்திலேயே பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்வது யார் கடமை?

நம் கடமை. ஏடுகளைப் புரட்டுவது பழம்பெருமை பேச அன்று. விடுபட்ட பெயரைக் கண்டுபிடிக்க. விடுதிக்குச் செல்லுங்கள், தோழர்களே! பட்டியலைத் திறந்து, அவள் பெயரைத் தேடுங்கள்!