தொகுதி இல்லாத செனட்டரும் தேர்தல் கேட்ட அறிக்கையும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். ஆறாம் படிவ மாணவர்களுக்கு மாலையில் பொது அறிவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: “சார், டோல் பக்கத்துல பெரிய பேனர் கட்டியிருக்காங்க. ‘செனட்டர்’னு போட்டு, தீபாவளி வாழ்த்து சொல்லியிருக்கார். இவரு எந்தத் தொகுதி சார்?” நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கேட்டேன், “சரி, நீங்க சொல்லுங்க.” சிரிப்பு நின்றுவிட்டது.

கேள்வி நல்ல கேள்வி. மக்களவை உறுப்பினருக்குத் தொகுதி உண்டு, சட்டமன்ற உறுப்பினருக்கும் உண்டு. மேலவை உறுப்பினருக்கு இல்லை. அப்படியானால் அவர் வாழ்த்து சொல்வது யாருக்கு? அவர் என்ன வேலை செய்தார் என்று நாம் எதை வைத்து அளப்பது? இதை விளக்க நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது ஒரு பழைய செனட்டரின் கதை. நம் பாட நூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை, வந்தாலும் ஒரு வரிதான். அவர் டான் ஸ்ரீ ஆதி நாகப்பன்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்த்துவிடுவோம். தேர்விலும் இதுதான் அதிகம் கேட்கப்படும். கூட்டரசு அரசியலமைப்பின் 45ஆம் பிரிவின்படி இன்று மேலவையில் 70 பேர். ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. 13 மாநிலத்துக்கும் சேர்த்து 26. நம் ஜொகூரில் 56 சட்டமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீங்களும் நானும் அதில் வாக்களிப்பதில்லை. மீதி 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். அதில் கோலாலம்பூருக்கு 2, லாபுவானுக்கு 1, புத்ராஜெயாவுக்கு 1. தவணை மூன்று ஆண்டு. ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது. வயது 30க்குக் குறையக் கூடாது.

மாணவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. 1959இல் மேலவை முதன்முதலாகக் கூடியபோது இருந்தவர்கள் 38 பேர். அவர்களில் 22 பேர் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், 16 பேர்தான் நியமனம். அதாவது மேலவை என்பது மாநிலங்களின் குரல் ஒலிக்கும் இடமாக அமைக்கப்பட்டது. இன்று கணக்கு தலைகீழ். நியமன உறுப்பினர்களே பெரும்பான்மை. ஆனால் அதே 45ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. மாநில செனட்டர்களை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம், நியமன இடங்களைக் குறைக்கலாம், முழுக்க எடுத்துவிடவும் செய்யலாம். இதற்கெல்லாம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினால் போதும் என்கிறது. சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டாகியும் அந்தச் சட்டத்தை யாரும் இயற்றவில்லை.

யாரை நியமிக்கலாம் என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. பொதுச் சேவையில், தொழிலில், வணிகத்தில், விவசாயத்தில், கலை பண்பாட்டில், சமூகத் தொண்டில் சிறந்தவர்கள். சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்கள். பூர்வகுடி மக்களின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர்கள். நம் சமூகத்தவர் பலர் மேலவைக்குப் போனது இந்த வழியில்தான். ஆகவே மாணவியின் கேள்விக்குச் சட்டப்படி பதில்: அவருக்குத் தொகுதி இல்லை, ஆனால் ஒரு சமூகத்தின் சார்பில் பேசும் கடமை இருக்கிறது. பேனர் கட்டுவது அந்தக் கடமையில் எத்தனையாவது இடம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

ஆதி நாகப்பன் வழக்கறிஞர். அதற்கு முன் பத்திரிகைக்காரர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். அவருடைய மனைவி ஜானகி, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணி படையின் துணைத் தளபதி. பின்னாளில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வரலாற்று ஆசிரியர்களுக்கு ஜானகியைத் தெரிந்திருக்கும். கணவரைத் தெரியாது. ம.இ.கா. வழியாக அரசியலுக்கு வந்த ஆதி நாகப்பன் 1960களில் செனட்டராக இருந்தார். 1965இல் ஒரு வேலை அவரைத் தேடி வந்தது.

அந்த ஆண்டின் சூழலைச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவுடனான மோதல் உச்சத்தில் இருந்தது. ஜொகூரில் ஆயுதம் ஏந்திய படையினர் வந்து இறங்கியதெல்லாம் 1964இல் நடந்த கதை. பொந்தியான், லாபிஸ் பக்கம் இருந்த பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். இதைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சி மன்றத் தேர்தல்களை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. தற்காலிகம்தான், அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சொன்னார்.

“ஊராட்சிக்கெல்லாம் தேர்தல் இருந்துச்சா சார்?” என்று கேட்காத வகுப்பே இல்லை. இருந்தது! நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பே இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில். கோலாலம்பூர் நகராட்சிக்கு அந்த ஆண்டில் தேர்வு பெற்ற தேவகி கிருஷ்ணன், மலாயாவில் வாக்கு மூலம் பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண். மலாயா மக்கள் வாக்குச்சீட்டைக் கையில் பிடித்துப் பழகியது சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி ஆகிய விஷயங்களுக்காகத்தான். புதுக்கிராமங்களிலும்கூடச் சிறிய மன்றங்கள் தேர்தலோடு இயங்கின. தோட்டத்தில் இருந்த நம்மவர்களுக்குத்தான் இது எட்டவில்லை. அங்கே தண்ணீரும் விளக்கும் தோட்ட நிர்வாகத்தின் கையில். ஆனால் பட்டணத்தில் இருந்த தமிழர்களுக்கு, முக்கியமாக நகராட்சியிலேயே கூலிவேலை செய்த குடும்பங்களுக்கு, அந்த மன்றம் வீட்டு வாசலில் இருந்த அரசாங்கம்.

தேர்தல் நின்ற கையோடு சில மன்றங்களின் நிர்வாகத்தில் முறைகேடு என்ற புகாரும் எழுந்தது. 1965, 66இல் சிரம்பான், ஜார்ஜ்டவுன், மலாக்கா, நம் மாநிலத்தில் ஜொகூர் பாரு, பத்து பகாட் ஆகிய மன்றங்களை மாநில அரசாங்கங்கள் தம் கையில் எடுத்துக்கொண்டன. ஜொகூர் மாணவர்கள் இந்த இரண்டு பெயரையும் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். ஊராட்சித் தேர்தல் என்றாலே பினாங்கை மட்டும் எழுதிவிட்டு வருகிறீர்கள்.

இந்த நிலையில்தான் மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். உறுப்பினர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன். ஆசிரியர்கள் இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இவரும் ஒரு பள்ளி ஆசிரியர். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர். தொழிற்கட்சிக்காரராக அரசியலுக்கு வந்தவர். ஆளும் கூட்டணியைச் சேர்ந்த செனட்டரும் எதிரணியிலிருந்து வந்த முன்னாள் மேயரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

மேற்கு மலேசியாவில் அப்போது 370க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. மாநகர் மன்றம், நகராட்சி, பட்டண மன்றம், பட்டண வாரியம், கிராம மன்றம் என்று வகை வகையாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சட்டத்தின் கீழ். சிலவற்றுக்கு வருமானமே கிடையாது. கணக்கு எழுதத் தெரிந்த ஆள்கூட இல்லாத மன்றங்களும் இருந்தன. ஆணையம் மனுக்களை வாங்கியது, வாக்குமூலங்களைக் கேட்டது. செனட்டர் மக்களுக்குச் செய்தி அனுப்புவதைத்தான் இன்று பார்க்கிறோம். இங்கே மக்கள் செனட்டருக்குச் செய்தி அனுப்பினார்கள், அவர் உட்கார்ந்து படித்தார்.

1968 முடிவில் அறிக்கை தயாரானது. முறைகேடு நடந்ததா என்று பார்க்கத்தானே ஆணையம்? குறைகளைப் பட்டியலிட்டு, “ஆகவே தேர்தல் வேண்டாம்” என்று முடித்திருந்தால் யாருக்கும் சங்கடம் இருந்திருக்காது. அறிக்கை அப்படி முடியவில்லை. குறைகள் உண்மை என்று ஒப்புக்கொண்டது. அதற்கு மருந்து தேர்தலை எடுத்துவிடுவதல்ல, அமைப்பைச் சீராக்குவது என்றது. சிதறிக் கிடக்கும் மன்றங்களை ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும். எல்லா ஊராட்சி மன்றங்களுக்கும் தேர்தல் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மாநிலத் தலைநகரையும் மக்கள் தேர்ந்தெடுத்த, நிதியிலும் நிர்வாகத்திலும் தன்னுரிமை உள்ள மன்றம் ஆள வேண்டும். வரி கட்டுகிறவனுக்கு அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்பதில் குரல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. என்னைக் கேட்டால், தனக்கென்று ஒரு வாக்காளர்கூட இல்லாத நியமன செனட்டர் ஒருவர், எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததுதான் இதில் பெரிய விஷயம்.

பிறகு என்ன நடந்தது? 1969 மே 13 வந்தது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவே இல்லை. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1971 டிசம்பரில். அரசாங்கம் தேர்தல் பரிந்துரையை ஏற்கவில்லை. மத்தியில் தேர்தல், மாநிலத்தில் தேர்தல், அதற்குக் கீழும் ஒரு தேர்தல் என்பது தேவைக்கு மிஞ்சியது என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. எதிர்க்கட்சிகள் பெரிய பட்டணங்களில் வலுவாக இருந்ததும் ஒரு காரணம் என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஜார்ஜ்டவுன் சோஷலிஸ்ட் முன்னணியிடமும் ஈப்போ சீனிவாசகம் சகோதரர்களின் கட்சியிடமும் இருந்ததை நினைத்துப் பார்த்தால் அதைத் தள்ளிவிட முடியாது.

அறிக்கை முழுவதும் குப்பைக்கும் போகவில்லை. இதை மாணவர்கள் சரியாக எழுத வேண்டும். மன்றங்களைச் சீரமைத்து ஒரே சட்டத்தில் கொண்டுவரும் யோசனை எடுத்துக்கொள்ளப்பட்டது. 1973இல் தற்காலிகச் சட்டம், 1976இல் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171. அதன் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகள் அனைத்தையும் செல்லாதவை ஆக்கியது. 10ஆம் பிரிவின்படி மன்றத் தலைவரையும், 8க்குக் குறையாமல் 24க்கு மிகாமல் உறுப்பினர்களையும் மாநில அரசாங்கம் நியமிக்கிறது. உடம்பை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள் என்று என் பழைய ஆசிரியர் ஒருவர் சொல்வார். தேர்வுத்தாளில் அப்படி எழுத வேண்டாம். “அமைப்புச் சீர்திருத்தம் ஏற்கப்பட்டது, தேர்தல் பரிந்துரை நிராகரிக்கப்பட்டது” என்று எழுதுங்கள்.

அந்தச் சட்டம் வந்த காலத்தில் ஆதி நாகப்பன் அரசாங்கத்தின் உள்ளேயே பதவியில் இருந்தார். அமைச்சரவைக் கூட்டுப் பொறுப்பு என்று நாம் பாடத்தில் ஒரு தலைப்பு நடத்துகிறோமே, அதன் பாரம் இதுதான். அதே 1976இல் அவர் காலமானார். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. மழை பெய்தால் அங்கே சாக்கடை யார் பொறுப்பு என்பதை இன்றும் அங்குள்ளவர்கள் வாக்கு மூலம் முடிவு செய்வதில்லை.

மேலவையால் எதுவும் செய்ய முடியாது, முத்திரை குத்தும் இடம்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. 68ஆம் பிரிவின்படி நிதி மசோதாவை அது ஒரு மாதம்தான் தாமதப்படுத்த முடியும், மற்ற மசோதாக்களை ஓர் ஆண்டு. ஆனால் 2018 செப்டம்பரில் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா மக்களவையில் நிறைவேறி மேலவைக்கு வந்தபோது, மேலவை அதை நிராகரித்தது. மக்களவை ஓராண்டு காத்திருந்து 2019 அக்டோபரில் மறுபடியும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அப்போது மேலவைத் தலைவர் இருக்கையில் இருந்தவரும் நம் சமூகத்தவர்தான், டான் ஸ்ரீ விக்னேஸ்வரன். மசோதா நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். 68ஆம் பிரிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஊராட்சித் தேர்தல் கதையும் 1976இல் முடிந்துவிடவில்லை. பினாங்கு மாநிலம் 2012இல் தனியாக ஒரு சட்டம் இயற்றித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது. மாநிலம் நினைத்தால் மட்டும் போதாது என்பது அதில் தெளிவானது.

செனட்டர் ஒருவரின் வேலையை அளக்க விரும்பும் மாணவர்களுக்கு வழி ஒன்றும் கடினமில்லை. நாடாளுமன்ற இணையத் தளத்தில் ‘பென்யாத்தா ராஸ்மி’ எனும் அதிகாரபூர்வ அறிக்கை இருக்கிறது. எந்த நாளில் யார் என்ன கேட்டார், என்ன பேசினார், எல்லாம் மலாயில் பதிவாகியிருக்கும். பேனரில் பார்த்த பெயரை அங்கே தேடிப் பாருங்கள். சிலருக்கு நிறையக் கிடைக்கும். தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, தோட்டப்புற வீடுகள் என்று வரிசையாகக் கேள்வி எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குத் தேடித் தேடிக் கண் வலிக்கும்.

அந்த மாணவிக்கும் அவள் வகுப்புக்கும் இதையேதான் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். கூடவே இன்னொன்று: வீட்டு வரி பில்லை எடுத்துப் பார்த்து, உங்கள் பகுதியின் மன்ற உறுப்பினர் யார் என்று கண்டுபிடித்து வாருங்கள். அடுத்த வாரம் 17 பேரில் நாலு பேர்தான் பெயர் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒருவன் கொண்டுவந்தது பதவிக்காலம் முடிந்துபோனவரின் பெயர்.