வாங்கிலில் இருப்பவர்களுக்கு ஒரு வரலாறு



சனிக்கிழமைகளில் பிள்ளைகளை நடன வகுப்பில் விட்டுவிட்டு, மண்டபத்து வாங்கிலில் இருந்து ஊர்க்கதை கதைப்பது எமக்குப் பழகிவிட்டது. ஜேர்மனியர் 'துர்ன்ஹாலே' என்று சொல்லும் இந்தத் தேகாப்பியாச மண்டபங்களுக்குப் பின்னாலும் ஒரு அகதிக் கதை இருக்கிறது.

1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்தவன் நான். கைமில் இருந்த காலத்தில் வேலை செய்ய அனுமதியில்லை. குறித்த எல்லையைத் தாண்டிப் போகவும் கூடாது. சாப்பாடு, கடதாசி விளையாட்டு, நித்திரை. உடம்பு ஊதியதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர்தான் "வா" என்று தங்கள் கழகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் பிரீட்ரிஷ் லூட்விக் யான் என்ற பெயரைக் கேள்விப்பட்டேன்.

நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றுக் கிடந்த வேளை, 1811இல், பேர்லின் ஹாசன்ஹைடேயில் இந்த ஆசிரியர் திறந்தவெளிப் பயிற்சித் திடல் ஒன்றை அமைத்தார். யூதரையும் அந்நியரையும் வெறுத்த மனிதர் அவர். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இளைஞர் ஒன்றுகூடுவதே அரசுக்குப் பயமாகிவிட்டது. 1819இல் யான் கைதானார். 1820இல் பிரஷ்யா இந்தப் பயிற்சியையே தடைசெய்தது. 1842இல்தான் தடை நீங்கியது.

1848 புரட்சியில் பல கழகத்தவர் சேர்ந்தார்கள். புரட்சி தோற்றதும் அமெரிக்காவுக்குத் தப்பி ஓடினார்கள். பாடன் கிளர்ச்சித் தலைவர் பிரீட்ரிஷ் ஹெக்கர் அதே வருடம் சின்சினாட்டி போய்ச் சேர்ந்து, அங்கே கழகம் அமைக்க முன்னின்றார். அமெரிக்கப் பாடசாலைகளில் உடற்பயிற்சி ஒரு பாடமாக வர அந்த அகதிகளும் உழைத்தார்கள்.

எங்கட பரதமும் ஏச்சுக் கேட்டு வளர்ந்ததுதான். தேவதாசி மரபுப் பெண்களும் நட்டுவனார்களும் காத்த அந்தக் கலையை மரியாதையான குடும்பத்துக்கு ஆகாதது என்று ஒதுக்கிய காலம் இருந்தது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பிறகு ஈழத்திலிருந்தும் பிள்ளைகள் அங்கே படிக்கப் போனார்கள். இன்று அந்த அடவுகள் ஜேர்மன் மண்டபங்களில் கேட்கின்றன.

ஆனால் ஆடுவது பிள்ளைகள் மட்டும். நாங்கள்? தெற்காசியருக்குச் சலரோகம் இளவயதிலேயே, அதிகம் பருக்காமலே வருகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் வந்துவிட்டது. வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மூச்சு வாங்க நடக்கவோ ஆடவோ வேணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நாளுக்குப் பார்த்தால் அரை மணித்தியாலம்கூட இல்லை.

போன மாதம் பேத்தி என்னை வாங்கிலிலிருந்து இழுத்தெடுத்தாள். "அம்மப்பா, அரைமண்டியில் இருங்கோ!" பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்கிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அடுத்த கிழமையும் போனேன். முழங்கால் நோ உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டு மெல்ல நடந்தாலே போதும்.

நாட்டை விட்டு ஓடியவர்களும் பயிற்சியை விடவில்லை. வந்து சேர்ந்த நாங்கள் ஏன் இன்னும் இருந்துகொண்டே இருக்க வேணும்? இந்தச் சித்திரையில் வாங்கிலை விட்டு எழும்புவோம்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.